சுங்கை சிப்புட் வெயிலுக்கு மெல்லிய பின்னல் சட்டை: முதன்முறை பின்னுகிறேன், வழி சொல்லுங்கள்

சுங்கைக்காரி

வணக்கம். நான் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஊசிப் பின்னலின் அடிப்படைக் கண்ணிகளான நிட், பர்ல் இரண்டும் கைக்கு வந்துவிட்டது. இதுவரை பாத்திரம் துடைக்கும் சதுரத் துணிகள்தான் பின்னியிருக்கிறேன். இப்போது அம்மாவுக்கு ஒரு மேல்சட்டை பின்ன ஆசை. அம்மா காலைச் சந்தையில் கீரை, காய்கறி விற்கிறார். பத்து மணிக்கெல்லாம் தகரக் கூரை கொதிக்க ஆரம்பித்துவிடும். கடையில் வாங்கும் பாலியெஸ்டர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது என்று தினமும் சொல்வார்.

இணையத்தில் கோடைச் சட்டை என்று தேடினால் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பாதிப் படங்களில் உள்ளே ஒரு சட்டை, அதற்கு மேல் இது என்று போட்டிருக்கிறார்கள். நமக்கு அது ஆகுமா? தனியாகக் கை பின்னி இணைக்க எனக்குத் தெரியாது. அம்மாவோ கை இல்லாத சட்டை போடமாட்டார். பாட்டி விட்டுப்போன ஊசி ஒரு ஜோடி இருக்கிறது, தலையில் 8 என்று அடித்திருக்கிறது. அதை வைத்தே தொடங்கலாமா? என்ன நூல் வாங்குவது? தீபாவளிக்குக் கொடுக்க வேண்டும்.

பால்மரம்

தங்கச்சி, முதலில் ஊசியை முடித்துவிடுவோம். பாட்டி காலத்து ஊசி என்றால் அது பழைய பிரிட்டிஷ் எண்ணாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கில் 8 என்பது 4 மி.மீ. எண் ஏற ஏற ஊசி மெலியும். 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர்மாறு, அங்கே 8 என்றால் 5 மி.மீ. யூடியூப் பார்த்துப் பின்னுகிறவர்களை இந்த இடம் காலை வாரிவிடும். எண்ணை விட்டுவிடு, மி.மீ. மட்டும் பார். அளவு பார்க்கும் துளைத் தகடு நூல் விற்கும் இடங்களில் கிடைக்கும். பாட்டி ஊசி 4 மி.மீ. துளையில் சரியாக நுழைந்தால் அதுவே உனக்குப் போதும்.

அடுத்தது வெயில். அந்தப் பேட்டர்ன்களை எழுதியவர்களின் ஊரில் கோடை என்றாலும் சாயங்காலம் காற்று குளிரும். நமக்கு ராத்திரிகூட 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றிலேயே ஈரம் நிற்பதால் வியர்வை லேசில் காயாது. ஆகவே சட்டை பின்ன வருகிற எல்லாரிடமும் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: நூலின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் துணிக்குள் காற்று நுழையுமா என்று பார். சுத்தப் பருத்தியாகவே இருந்தாலும் தடித்த நூலை இறுக்கிப் பின்னினால் அம்மா அதை ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுவார். மெல்லிய நூல், அதற்குக் கொஞ்சம் பெரிய ஊசி, தளர்வான கை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நம் ஊருக்கு ஆகிற சட்டை.

4 ப்ளை அல்லது 5 ப்ளை நூல் வாங்கு, ப்ளை என்பது நூலின் பருமன் கணக்கு. லேபிளில் 3 அல்லது 3.5 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும். நீ 4 மி.மீ. ஊசியிலேயே பின்னு.

வடிவம்: இரண்டு நீள்சதுரம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தோளில் இணைத்து, நடுவில் கழுத்துக்கு இடம் விட்டு, பக்கவாட்டில் கைக்கு இடம் விட்டுத் தைத்தால் சட்டை முடிந்தது. கண்ணியைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அகலத்தைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் தோளைத் தாண்டிக் கைமேல் விழும், அதுவே அரைக்கை மாதிரி ஆகிவிடும். அம்மாவின் மார்பளவு எவ்வளவு?

கொக்கியும் நூலும்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதல் சட்டைக்கு இரண்டு ஊசி எதற்கு? கொக்கியில், அதாவது குரோஷேயில் பின்னினால் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், நழுவினாலும் அங்கேயே நிற்கும். எங்கள் தோட்டத்தில் மேசைவிரிப்பு, வாசல் தோரணம் எல்லாம் லயத்துப் பெண்கள் கொக்கியில் போட்டவைதான். வலை மாதிரிப் போட்டால் காற்றும் வரும்.

பால்மரம்

கொக்கி வேலையின் அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதே நூலில் கொக்கித் துணி தடிமனாக வரும், நூலும் கூடப் பிடிக்கும். பெரிய வலையாகப் போட்டால் காற்று வரும், உண்மைதான். அப்போது உள்ளே இன்னொரு சட்டை போட வேண்டியிருக்கும், சந்தையில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு அது பாரம். ஊசிப் பின்னல் மெலிசாக, உடம்போடு விழும். அதோடு இந்தத் தங்கச்சிக்கு ஊசி ஏற்கெனவே கையில் பழகிவிட்டதே.

கொக்கிக்கும் இதில் வேலை இருக்கிறது. கழுத்தைச் சுற்றி ஒரு வரிசை கொக்கி போட்டால் கழுத்து இழுபடாது. அந்த இடத்தில் உங்கள் உதவி தேவைப்படும் அக்கா.

கொக்கியும் நூலும்

சரி, கழுத்து வேலை என் பொறுப்பு. நேரம் வரும்போது படம் போட்டு விளக்குகிறேன்.

ஓய்வுபெற்ற டீச்சர்

நூலைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், வேதியியல் நடத்தியவள் என்பதால் இதில் எனக்குத் தனி ஈடுபாடு.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். லினன் 12 வரை, மூங்கில் விஸ்கோஸ் 12, 13 வரை. செயற்கை இழையான அக்ரிலிக் 2 விழுக்காட்டைக்கூடத் தொடாது, பாலியெஸ்டர் அரை விழுக்காடுதான். உங்கள் அம்மாவின் முதுகில் சட்டை ஒட்டுவதற்குக் காரணம் இதுதான். வியர்வையை நூல் வாங்கிக்கொள்வதில்லை, அது தோலுக்கும் துணிக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது ஷோப்பி இணையக் கடையிலும் ஈப்போ கடைகளிலும் அதிகம் விற்பது மில்க் காட்டன். பெயரில் காட்டன் இருப்பதால் முழுப் பருத்தி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் அக்ரிலிக் கலந்திருக்கும், சிலவற்றில் பாதிக்கு மேலேயே இருக்கும். பொம்மை பின்ன அது அருமையான நூல், மென்மை, நிறமும் நிறைய. சட்டைக்கு வாங்கும்போது கலவை விகிதத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

லேபிள் இல்லாத நூல் கையில் இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு விரல் நீளத் துண்டை இடுக்கியில் பிடித்து, குழாயடித் தொட்டிக்கு மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் தொட்டவுடன் பொடியாக உதிரும். அக்ரிலிக் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, ஆறியபின் கறுப்பாகக் கெட்டி மணி ஒன்று முனையில் நிற்கும். நகத்தால் அழுத்தினாலும் உடையாது. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம்.

லேபிளில் மெர்சரைஸ்டு என்று போட்டிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். 1844-இல் ஜான் மெர்சர் என்பவர் பருத்தியைக் காரச் சோடாவில் நனைத்துப் பார்த்து, இழை பருத்து வலுவாவதைக் கண்டார். 1890-இல் ஹொரஸ் லோ என்பவர் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதையே செய்தார், பளபளப்பு வந்தது. அப்படிப் பதப்படுத்திய நூலில் இழை பிரிவது குறைவு, சாயமும் நன்றாக நிற்கும். அம்மாவின் சட்டை வாரத்தில் பல முறை துவைபடும் அல்லவா, அதற்கு இது தாங்கும்.

கேமரன் குளிர்

கேமரன் மலை, தானா ராத்தாவிலிருந்து. இங்கே 1,400 மீட்டருக்கு மேல் இருப்பதால் நாங்கள் கம்பளிதான் பின்னுகிறோம். ஈப்போவில் இருக்கும் என் அண்ணன் மகளுக்கு ஒரு பருத்திச் சட்டை பின்னியதிலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

பருத்திக்குக் கம்பளியின் இழுவை கிடையாது. கம்பளியில் ஓரத்துக்கு ரிப், அதாவது ஒரே வரிசையில் நிட்டும் பர்லும் மாறி மாறி, பின்னினால் இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பருத்தியில் விரிந்தது விரிந்ததுதான். அதனால் இடுப்பில் ரிப் வேண்டாம், கார்ட்டர் போதும், அதாவது எல்லா வரிசையும் நிட். இன்னொன்று, இரண்டு நூல் முனைகளை ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்து ஒட்டும் வித்தை கம்பளிக்கு மட்டும்தான். பருத்தி ஒட்டாது.

டீச்சர் சொன்ன மூங்கில் விஸ்கோஸ் உடம்புக்குக் குளிர்ச்சிதான், ஆனால் தன் பாரத்திலேயே நீண்டுகொண்டு போகும், நனைந்தால் வலுவும் குறையும். முதல் சட்டைக்கு அதை விட்டுவிடுங்கள்.

தையல்கடை

தங்கச்சி, நான் ஆண்கள் பெண்கள் இருவருக்கும் தைக்கிறவன். பின்னத் தெரியாது. ஆனால் அளவு எடுப்பதில் ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா?

அம்மாவை நிற்க வைத்து நாடா பிடித்தால் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார்கள், எல்லா அம்மாவும் அப்படித்தான். அதைவிட, வீட்டில் அவர் விரும்பிப் போடுகிற தொளதொள டீ-சட்டை ஒன்று இருக்கும். அதைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, அக்குளுக்கு அக்குள் குறுக்கே அளந்துகொள்ளுங்கள். தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை நீளம், தோளிலிருந்து அக்குள் வரை இறக்கம். இந்த மூன்று அளவு போதும். உடம்புக்கும் சட்டைக்கும் இடையில் சுற்றளவில் 8 செ.மீ. இடைவெளி கொடுங்கள். வெயிலில் வேலை செய்கிறவருக்கு 10 கொடுத்தாலும் நல்லதுதான்.

சுங்கைக்காரி

எல்லாருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடியே டீ-சட்டையை அளந்தேன். குறுக்கே 52 செ.மீ., நீளம் 54, கை இறக்கம் 21. அம்மாவின் மார்பளவு 96.

நூலும் வந்துவிட்டது: முழுப் பருத்தி, மெர்சரைஸ்டு, 5 ப்ளை, இளநீல நிறம். இப்போதைக்கு ஒரு உருண்டைதான் வாங்கியிருக்கிறேன், 50 கிராம். சோதனைத் துண்டு பின்னித்தான் ஆக வேண்டுமா? நேரடியாகத் தொடங்கிவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது.

பால்மரம்

பின்னித்தான் ஆக வேண்டும். ஏன் என்று கணக்காகவே காட்டுகிறேன், பார்.

10 செ.மீ.க்கு 20 கண்ணி வரும் என்று நம்பி, 52 செ.மீ.க்கு 104 கண்ணி ஊசியில் ஏற்றுகிறாய் என்று வை. உன் கை கொஞ்சம் இறுக்கம், உண்மையில் 22 கண்ணி வருகிறது. அப்போது 104 கண்ணியின் அகலம் 47 செ.மீ. சொச்சம்தான். இரண்டு பக்கமும் சேர்த்தால் 94 அல்லது 95. அம்மாவின் மார்பளவே 96. வெறும் இரண்டு கண்ணி வித்தியாசம், சட்டை உடம்பில் ஏறாது!

30 கண்ணி ஏற்று. முதலில் நாலு வரிசை நிட். அப்புறம் ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல், இரண்டு ஓரத்திலும் மும்மூன்று கண்ணியை மட்டும் எப்போதும் நிட். 15 செ.மீ. உயரம் வந்ததும் நாலு வரிசை நிட் போட்டு மூடு. நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியை எண்ணி எழுதிவை. பிறகு சட்டையை எப்படித் துவைப்பாயோ அப்படியே துவை. காயும்போது கீழ்விளிம்பில் துணிக்கவ்வி இரண்டு மாட்டித் தொங்கவிடு. பருத்திச் சட்டை தன் பாரத்தில் எவ்வளவு இறங்கும் என்பதை அந்தக் கவ்விகள் காட்டிக்கொடுத்துவிடும். முழுக்கக் காய்ந்தபின் திரும்ப அளந்து எழுது. அந்த இரண்டாவது அளவுதான் உன் அளவு.

சமையலறைத் தராசு இருந்தால் துண்டை நிறுத்தும் பார்த்துவிடு. எத்தனை உருண்டை வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு இல்லை.

செம்பனைச்சாலை

நான் பாகான் செராய், நானும் புதுசு. இந்த இழையைப் படித்துவிட்டு நானும் துண்டு பின்னுகிறேன். ஓரத்தில் நிட் போடாமல் முழுக்க நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை என்று பின்னினால் பக்கங்கள் பின்னால் சுருள்கின்றன, கீழும் மேலும் முன்னால் சுருள்கின்றன. இஸ்திரி போட்டால் நிற்குமா? இன்னொன்று, கை வியர்த்து எஃகு ஊசியில் நூல் நகரவே மாட்டேன் என்கிறது.

பால்மரம்

இஸ்திரிக்கு அது அடங்காது தங்கச்சி. அந்தப் பின்னலின் குணமே சுருள்வதுதான். நிட் பக்கமும் பர்ல் பக்கமும் ஒரே அளவில் இழுப்பதில்லை. ஓரத்தில் கார்ட்டர் வைத்தால் இரண்டு பக்க இழுவையும் சமமாகி, துணி தட்டையாகப் படுக்கும். கீழே ஒரு நாலு செ.மீ., மேலே மூன்று, கை வரும் பக்கங்களில் ஐந்து கண்ணி. அவ்வளவுதான்.

வியர்வைக்கு மூங்கில் ஊசி நல்லது. நூல் வழுக்கி ஓடாது, கையிலும் உறுத்தாது. மழைக்காலத்தில் மூங்கில் கொஞ்சம் பிசுபிசுக்கும். மெழுகுக் காகிதத்தை மடித்து நாலு முறை உருவிவிட்டால் சரியாகிவிடும். நேர் ஊசியைவிட, இரண்டு முனையை ஒரு வடம் இணைக்கும் வட்ட ஊசி இன்னும் வசதி. முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி அதிலேயே பின்னலாம், துணியின் பாரம் மணிக்கட்டில் விழாமல் மடியில் கிடக்கும். நூறு கண்ணிக்கு மேல் பருத்தியை நேர் ஊசியில் தூக்கிக்கொண்டிருந்தால் மணிக்கட்டு வலிக்கும்.

பருத்தியில் இன்னொரு தொல்லை, ஊசி முனை நூலைப் பிளந்துகொண்டு போகும். நாலைந்து இழையில் ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எடுத்துவிடும். அப்போதைக்குத் தெரியாது, துவைத்தபின் அந்த இழை தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ரொம்பக் கூர்மையான ஊசி வேண்டாம். ஒவ்வொரு கண்ணியிலும் முழு நூலும் ஊசிமேல் ஏறியதா என்று பார்க்கும் பழக்கம் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும். வரிசை முடிவில் எண்ணும் பழக்கமும்.

சுங்கைக்காரி

துண்டு முடிந்தது. துவைக்கும் முன் 10 செ.மீ.க்கு 21 கண்ணி. துவைத்து, கவ்வி மாட்டிக் காயவைத்தபின் 20 கண்ணி, 28 வரிசை. துண்டு இப்போது சரியாக 15-க்கு 15. எடை 10 கிராம்.

துணி நன்றாக இருக்கிறது. விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிறது, ஆனால் உள்ளே இருப்பது தெரியாது. அம்மாவின் கையில் கொடுத்தேன், புறங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பால்மரம்

அருமை. இனி கணக்கு உன் பக்கம்.

நூல்: உன் துண்டு 225 சதுர செ.மீ. சட்டை 52 பெருக்கல் 54, அது இரண்டு, மொத்தம் 5,616. துண்டைப் போல் 25 மடங்கு. ஆக 250 கிராம். ஓரம், தையல், கொக்கி வேலை எல்லாம் இருக்கிறது, 300 கிராம் வைத்துக்கொள். கையில் உள்ளதோடு இன்னும் ஐந்து உருண்டை. சாயத் தொகுதி எண் லேபிளில் இருக்கும், அதே எண்ணில் கேட்டு வாங்கு. தொகுதி மாறினால் அதே இளநீலம் சந்தை வெளிச்சத்தில் வேறாகத் தெரியும்.

கண்ணி: 104, தையலுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மொத்தம் 106. தளர்வாக ஏற்று. நாலு செ.மீ. வரை எல்லாம் நிட். அப்புறம் ஒரு நிட், ஒரு பர்ல் என்று போ. ஆறு வரிசைக்கு ஒரு முறை, நிட் வரிசையில் ஒரு ஓட்டை வரிசை போடு: முதல் கண்ணி நிட், பிறகு நூலை ஊசிமேல் ஒரு சுற்று, அடுத்த இரண்டு கண்ணியைச் சேர்த்து நிட், இதையே கடைசிக் கண்ணி வரை திரும்பத் திரும்பச் செய்து, அந்தக் கடைசியை நிட் போடு. ஒரு சுற்று ஒரு கண்ணியைக் கூட்டும், இரண்டைச் சேர்ப்பது ஒன்றைக் குறைக்கும். ஆகவே முடிவில் 106 மாறாது. மாறியிருந்தால் அந்த வரிசையிலேயே பார்த்துவிடு, மேலே போகாதே. அடுத்த பர்ல் வரிசையில் அந்தச் சுற்றையும் ஒரு கண்ணியாகவே எடுத்துப் பின்னு. துணி முழுக்கச் சின்னச் சின்ன ஜன்னல்கள் வரும், காற்று அதன் வழியாகத்தான் போகப்போகிறது.

33 செ.மீ. உயரம் வந்ததும், அங்கிருந்து கை இறக்கம் தொடங்குகிறது. இனி இரண்டு ஓரத்திலும் ஐந்தைந்து கண்ணி எப்போதும் நிட். ஓட்டை வரிசையிலும் அந்த ஐந்தைத் தொடாதே. நடுவில் மிஞ்சுவது 96, இரட்டை எண், அதனால் ஜோடி உடையாது. 51 செ.மீ. ஆனதும் கடைசி மூன்று செ.மீ. முழுக்க நிட் போட்டுத் தளர்வாக மூடு. மொத்தம் 152 வரிசை அளவில் முடியும். இதேபோல் இன்னொன்று. வரிசைகளைத் தாளில் கோடு போட்டு எண்ணு, முன்னும் பின்னும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

செம்பனைச்சாலை

உருண்டை தீரும்போது புது நூலை எங்கே சேர்ப்பது அக்கா? கேமரன் அக்கா ஒட்டாது என்று சொல்லிவிட்டார்களே.

கேமரன் குளிர்

வரிசையின் ஓரத்தில். மிச்ச நூல் துணி அகலத்துக்கு நாலு மடங்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த வரிசையைத் தொடங்காமல் புதுசை எடுங்கள். இரண்டு முனையிலும் 15 செ.மீ. தொங்கட்டும். பிறகு மொட்டை ஊசியில் கோத்து, தையலின் உள்பக்கமாகவே ஏற்றி இறக்கிச் செருகிவிடலாம். முடிச்சு மட்டும் போட வேண்டாம், வியர்த்த தோலில் உறுத்தும்.

தையல்கடை

தோளை நான் சொல்கிறேன். அகலம் 52, கழுத்துக்கு நடுவில் 26 விட்டால் தோளுக்கு இந்தப் பக்கம் 13, அந்தப் பக்கம் 13. தைக்கும் முன் குண்டூசி குத்தி அம்மாவின் தலை நுழைகிறதா என்று போட்டுப் பாருங்கள். 26 அகலமாகத் தெரிந்தால் 24-க்குக் குறைக்கலாம். சட்டையின் மொத்தப் பாரமும் தோள் தையலில்தான் தொங்கும். பருத்தி வேறு, நாளாக நாளாகத் தோள் இறங்கிக் கை நீண்டுவிடும். தையலின் உள்பக்கம், தோள் நீளத்துக்கே வெட்டிய பருத்தி நாடாவை வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். பனியன் துணி தைக்கும்போது நாங்கள் செய்வதுதான். பக்கத் தையலைக் கீழே ஒரு பத்து செ.மீ. திறந்துவிட்டால் உட்கார்ந்து எழுந்திருக்கச் சுலபம், காற்றும் வரும்.

கொக்கியும் நூலும்

கழுத்துக்கு 3 மி.மீ. கொக்கி எடுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஒற்றைப் பின்னல், இறுக்காமல், ஒரே சுற்று. தோள் மூலையில் மட்டும் ஒரு கண்ணியை விட்டுத் தாண்டுங்கள், அங்கே விரிந்து நிற்காது. சுற்றி முடிந்ததும் அம்மாவின் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டு நூலை வெட்டுங்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்

துவைப்பதற்கு ஒரு வரி. வலைப் பைக்குள் போட்டு இயந்திரத்தில் துவைக்கலாம், குளிர்ந்த நீர் போதும். கொடியில் தொங்கவிடாமல் ஒரு துண்டின்மேல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். மழை நாட்களில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சுங்கைக்காரி

நாளை ஈப்போ போகிறேன், அதே சாயத் தொகுதியில் ஐந்து உருண்டை எடுத்துவைக்கச் சொல்லிக் கடைக்குப் போன் செய்துவிட்டேன். 4 மி.மீ. மூங்கில் வட்ட ஊசி ஒன்றும் வாங்க வேண்டும். வடத்தின் நீளம் 60 செ.மீ. போதுமா, 80 வேண்டுமா?

பால்மரம்

80. திருப்பிப் பின்னும்போது கண்ணிகள் நெரிசலில்லாமல் நிற்கும்.